பல்சட்டத்துக்குப் பெயரா, எண்ணா?

குன்னூர் ஸ்டேஷன் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தண்டவாளங்களுக்கு நடுவே ஓடும் பல்வைத்த இரும்புச் சட்டம் புதிதில்லை. கல்லாறிலிருந்து குன்னூர் வரை, 12 அடி போனால் ஓரடி ஏறும் சரிவுகளில் வெறும் சக்கரம் வழுக்கும். அதனால் என்ஜினுக்கு அடியிலிருக்கும் பல்சக்கரம் அந்தச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு மேலே வருகிறது. 1899-இலிருந்து குன்னூருக்கு ரயில் வருவது இப்படித்தான்.

இதைத் தமிழ் விக்கிப்பீடியாவில் படம் போட்டு விளக்க உட்கார்ந்தபோதுதான் பிரச்சினை தெரிந்தது. உறுப்புகளின் பெயரைப் படத்திலேயே எழுதுவதா, 1, 2, 3 என்று எண் போட்டுப் பெயர்களைக் கீழே தருவதா? கூட்டாக எழுதுபவர்கள் பெரும்பாலும் எண் பக்கம் சாய்கிறார்கள். ஒரே படத்தை எல்லா மொழியினரும் எடுத்துக்கொள்ளலாம். பட்டியல் சாதாரண எழுத்தாக இருப்பதால் தேடலில் அகப்படும், பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பான் படித்துச் சொல்லும். திருத்தவும் சுலபம்.

அந்தக் கடைசிக் காரணத்தின் அருமை எனக்கு நேரில் தெரியும். இந்தப் பாதையில் ஓடும் எக்ஸ் வகை நீராவி என்ஜினில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சிலிண்டர்கள். கீழே இருக்கும் உயர் அழுத்தச் சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். அங்கே வேலை முடித்த நீராவி மேலே இருக்கும் தாழ் அழுத்தச் சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். நான் இரண்டையும் மாற்றி எழுதிவிட்டேன். என்ஜின் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன் பார்த்ததும், "தம்பி, மேலதும் கீழதும் தலைகீழா இருக்கு" என்றார். எண் போட்ட படமாக இருந்திருந்தால் அவரே போனில் இரண்டு வரியை மாற்றியிருப்பார். பெயர்கள் படத்துக்குள் பதிந்துகிடந்ததால், நான் கம்ப்யூட்டர் முன் உட்காரும்வரை இரண்டு வாரம் தப்பு தப்பாகவே நின்றது.

அப்படியும், முதன்முதலாகப் படிப்பவருக்கு எண் படம் கஷ்டம்தான். பக்கத்து வீட்டில் எட்டாவது படிக்கும் பெண்ணிடம் இரண்டையும் காட்டினேன். எண் படத்தில் அவள் விரல் 4-இல் நின்றது, கீழே பட்டியலுக்கு இறங்கியது, "பற்சக்கரம்" என்று வாசித்தது. திரும்ப மேலே வந்தபோது 4 எங்கே என்று மறுபடி தேடியது. போனில் படமும் பட்டியலும் ஒரே திரையில் நிற்காததால் ஒவ்வொரு முறையும் தள்ள வேண்டியிருந்தது. எட்டு எண்ணில் மூன்றாவதோடு விட்டுவிட்டாள். பெயர் எழுதிய படத்தை ஒரே மூச்சில் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்விக்கு எனக்கு அதுவே பதில். பெயர் உறுப்பின் மேலேயே இருக்க வேண்டும்.

இரண்டு நன்மையும் சேரும் வழி ஒன்று உண்டு. எஸ்விஜி என்பது கோடுகளையும் எழுத்துகளையும் தனித்தனியாகத் திருத்தும்படி சேமிக்கும் பட வகை; அந்தக் கோப்பில் எழுத்தை எழுத்தாகவே வைக்கலாம். ஒரே கோப்புக்குள் பல மொழிப் பெயர்களையும் அடுக்கலாம், தமிழ்ப் பக்கம் தமிழை எடுத்துக்கொள்ளும். எனக்குப் பிடித்த வழி இதுதான், ஆனால் பொறுமை வேண்டும். ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடிகிற பெயர் தமிழில் "பற்சட்டம்" என்று நீண்டு பக்கத்துக் கோட்டில் ஏறும். விக்கி தன் சர்வரிலேயே அதைப் படமாக மாற்றிக் காட்டுவதால் நம் கணினியின் எழுத்துருவும் அங்கே உதவாது. இதற்குப் பயந்து எழுத்தைக் கோடுகளாக மாற்றிவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்புறம் யாராலும் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. பெயரைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டு வரைந்தால் போதும்.

அசைபடம் பார்க்க அழகு. ஆனால் ஜிஃப் என்ற அசைபடக் கோப்பை வேண்டிய இடத்தில் நிறுத்திப் பார்க்க முடியாது, அச்சிலும் வராது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெயரா எண்ணா என்பதற்கும் முன்னால் எந்தப் பக்கத்திலிருந்து வரைகிறோம் என்பது இருக்கிறது. குன்னூர்ப் பாதையில் போட்டிருப்பது ஆப்ட் என்ற பல்சட்ட முறை. சட்டம் ஒன்றில்லை, இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி தள்ளி வைத்திருக்கிறார்கள். ஒரு பல் பிடி விடுவதற்குள் அடுத்தது பிடித்துக்கொள்ளும். பாடப் படங்கள்போலப் பக்கவாட்டில் வரைந்தால் பின்சட்டத்தின் பல் முன்சட்டத்தின் பள்ளத்தை அடைத்துவிடும். சொல்ல வந்த சங்கதியே மறைந்துபோகும். மேலிருந்து பார்த்து வரைந்தால் அது ஒரு நொடியில் விளங்கும்.

அங்கேயும் அளவுப்படியா, பெரிதாக்கியா என்று தகராறு வந்தது. பாதையின் அகலம் 1,000 மில்லிமீட்டர், சட்டங்களுக்கிடையே 44 மில்லிமீட்டர். போன் திரையில் பாதையை 6 சென்டிமீட்டருக்கு வரைந்தால் அந்த இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர் சொச்சம்தான் வரும். பல்லே தெரியாது. சட்டங்களைப் பெரிதாக்கி, ஓரத்தில் "அளவுப்படி வரையப்படவில்லை" என்று தமிழில் எழுதினோம். அந்த வரி இல்லாமல் பெரிதாக்குவது படிப்பவருக்குச் செய்கிற துரோகம் என்று நினைக்கிறேன்.

புதுப் படத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் உள்ளே போய் இரண்டு சீப்புகளை எடுத்துவந்தாள். பக்கத்தில் பக்கமாக வைத்து ஒன்றை அரைப் பல் தள்ளினாள். "சரி அண்ணா, கல்லாறுல சட்டம் ஆரம்பிக்கிற இடத்துல சக்கரத்துப் பல்லு பள்ளத்துல விழாம பல்லு மேலயே ஏறிட்டா?" என்று கேட்டாள். அதற்காகத்தான் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் நுழைவுத் துண்டு ஒன்று அங்கே இருக்கிறது. அது எங்கள் படத்தில் இல்லை. அதைத்தான் இப்போது வரைந்துகொண்டிருக்கிறோம்.