கும்பகோணத்து ஈயச் சொம்பு: லேபிலும் அடுப்பிலும்

கும்பகோணம் பெரிய கடைத் தெருவில், ஒரு பாத்திரக் கடையில் ரசம் வைக்க ஈயச் சொம்பு வாங்கினேன். எடை போட்டுத்தான் விலை. அரை கிலோவுக்குச் சற்றுக் குறைவான சொம்பே 2,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. கல்லூரியில் வேதியியல் கௌரவ விரிவுரையாளராக இருந்த வருஷங்களில் மே மாதம் சம்பளம் கிடையாது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து ஓட்டுவேன். அப்போதெல்லாம் இதை விலை கேட்பதோடு சரி. வேலை நிரந்தரமான பிறகு நான் செய்த முதல் தண்டச் செலவு இது என்கிறார் வீட்டுக்காரர். ரசத்தை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

"காரீயம் கலந்திருக்கா?" என்று கடைக்காரரைக் கேட்டேன். சொம்பு செய்வது வெள்ளீயத்தில் (டின்); காரீயம் (லெட்) விஷம். அவர் ஒரு வெள்ளீயத் துண்டை என் காதோரம் பிடித்து வளைத்தார். நறநறவென்று சத்தம். "கேட்டுச்சா மேடம்? கலப்படம் கூடினா இது வராது." உள்ளே படிகங்கள் திரும்பிக்கொள்வதால் எழும் சத்தம் அது. வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், காதால் கேட்டது அன்றைக்குத்தான்.

துண்டு சுத்தமென்றால் சொம்பும் சுத்தமா? சனிக்கிழமை லேபுக்கு எடுத்துப்போய்த் தண்ணீரில் தொங்கவிட்டு எடை பார்த்தேன். அடர்த்தி 7.3க்குப் பக்கத்தில் வந்தது, சுத்த வெள்ளீயத்தின் அடர்த்தி அதுதான். காரீயத்துக்கு 11.3. ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் அடர்த்தி காட்டிக்கொடுக்காது. அதனால் அடியில் துளி சுரண்டி நைட்ரிக் அமிலத்தில் போட்டேன். வெள்ளீயம் வெள்ளை வீழ்படிவாக நின்றுவிடும், காரீயம் கரைந்துவிடும். வடிகட்டி, அமிலத்தை வற்றவைத்து, தண்ணீரில் கரைத்துப் பொட்டாசியம் அயோடைடு விட்டேன். காரீயம் இருந்தால் மஞ்சள் வீழ்படிவு வரும். மஞ்சள் தலைகாட்டவில்லை. எட்டிப் பார்த்த செகண்ட் இயர் பெண் ஒருத்தி, "லெட் ஆப்சென்ட் மேடம்" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுவதுபோலவே சொன்னாள். மிகச் சிறிய அளவை இந்தச் சோதனை பிடிக்காது. ஆகவே மிச்ச ரசத்தை ராத்திரி முழுக்க அதிலேயே வைக்காதீர்கள். புளி சும்மா இருக்காது.

ருசி? நன்றாகத்தான் இருக்கிறது. ஈயத்துக்கென்று தனி மணம் உண்டு என்று என் மாமியார் சத்தியம் செய்வார். எனக்கு வேறு சந்தேகம். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அந்தப் பயத்தில் தீயைக் குறைத்து, பக்கத்திலேயே நின்று, நுரை கட்டியதும் இறக்கிவிடுகிறோம். மிளகு, சீரக வாசனை ஆவியாகப் போகாமல் ரசத்திலேயே தங்குகிறது. எவர்சில்வரில் வைத்துவிட்டு போனைப் பார்க்கப் போய்விடுகிறோமே!

புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியாகச் செய்து கொட்டுங்கள். காய்ந்த நெய்யின் சூடு இதற்கு ஆகாது. கம்பி நார் வேண்டாம், கீறல் விழும். சொம்பின் விளிம்பு இன்னும் கொஞ்சம் தடிமனாக இருந்திருக்கலாம்; இடுக்கி பிடித்த இடம் அதற்குள் நெளிந்துவிட்டது. இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் வைத்திருப்பவர்கள் வாங்காதீர்கள், சூடே ஏறாது.