உதிரிப்பூக்கள்: கேசட்டா, விசிடியா, டிவிடியா?

மகள் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைப் படித்து முடித்துவிட்டு, "படத்தையும் பார்க்கணும்ப்பா, நல்ல பிரிண்டா வேணும்" என்றாள். காரைக்குடியில் தேட ஆரம்பித்தேன். நான்கு மாதத்தில், அந்தக் கதையிலிருந்து பிறந்த 'உதிரிப்பூக்கள்' படம் நான்கு வடிவத்தில் வீட்டுக்கு வந்துவிட்டது: ஒரு வீடியோ கேசட், இரண்டு தட்டு விசிடி, மூன்று படம் ஒன்றாய்ப் போட்ட டிவிடி, இந்தப் படம் மட்டும் உள்ள டிவிடி. இணையத்தில் இருப்பதையும் பார்த்தாயிற்று.

1979-ல் வந்த இந்தப் படத்தின் மேல் எங்கள் ஊருக்குத் தனிப் பாசம் உண்டு. இயக்குநர் மகேந்திரன் இங்கே அழகப்பா கல்லூரியில் படித்தவர். 1958-ல் எம்.ஜி.ஆர். கல்லூரிக்கு வந்தபோது, அவர் முன்னால் மேடையில் பேசி அவரையே திரும்பிப் பார்க்க வைத்த மாணவர். கதையிலிருந்து விதையை மட்டும்தான் எடுத்துக்கொண்டார். புதுமைப்பித்தனின் சுந்தரவடிவேலு பேராசிரியர். மகேந்திரனின் சுந்தரவடிவேலுவோ ஒரு கிராமத்தையே நடுங்கவைக்கும் பெரிய மனிதர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் படம் முழுசாக இருக்க வேண்டும்.

எல்லாப் பிரதிக்கும் ஒரே சோதனைதான் வைத்தேன். கடைசி ஆற்றங்கரைக் காட்சி. பார்க்காதவர்களுக்காக அங்கே நடப்பதைச் சொல்லவில்லை. ஆனால் ஓடும் தண்ணீர், நிறைய முகங்கள், பேச்சைவிட மௌனம் கனக்கும் இடம். பிரதியில் குறை இருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

முதலில் விசிடி. செக்காலை ரோட்டில் ஒரு பழைய கடையின் அட்டைப்பெட்டிக்குள் கிடைத்தது. விசிடியின் படப்புள்ளிகள் 352-க்கு 288. டிவிடியில் 720-க்கு 576, அதாவது நான்கு மடங்கு. ஒளிப்பதிவாளர் அசோக்குமார் இயற்கை வெளிச்சத்தில் எடுத்த முகங்கள் விசிடியில் மாவு பூசியதுபோல் ஆகிவிடுகின்றன. ஒரு தட்டில் 74 நிமிடம், மிஞ்சினால் 80 நிமிடம்தான் கொள்ளும். என் பிரதியில் இடைவேளைக்காகக் காத்திருக்காமல், பேச்சின் நடுவிலேயே முதல் தட்டு முடிந்துவிட்டது. இதை விட்டுவிடலாம்.

த்ரீ இன் ஒன் டிவிடியைப் பற்றித்தான் கொஞ்சம் எச்சரிக்க வேண்டும். ஏனென்றால் கடையில் முதலில் கைக்கு வருவது அதுதான், விலையும் குறைவு. ஒற்றை அடுக்கு டிவிடியில் இருப்பதே 4.7 ஜிபி. அதில் மூன்று படத்தைத் திணித்தால் ஒவ்வொன்றையும் நசுக்கித்தான் ஆகவேண்டும். அசையாத சுவரையும் வானத்தையும் நசுக்கினால் அவ்வளவாகத் தெரியாது. நொடிக்கு நொடி மாறும் தண்ணீரை நசுக்கினால் உடனே தெரியும். என் பிரதியில் ஆறு, கட்டம் கட்டமாக உடைந்து தாயக்கட்டம்போல் நகர்ந்தது. மகள் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டாள்.

தனி டிவிடி மதுரையில் கிடைத்தது. படம் தெளிவு, இளையராஜாவின் பின்னணி இசை சுத்தம். 'அழகிய கண்ணே' பாட்டில் ஜானகியின் குரல் பக்கத்தில் நின்று பாடுவதுபோல் இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும் இடத்தைப் பாதியில் வெட்டிவிட்டார்கள். ஓர் எழுத்தாளரின் கதையிலிருந்து பிறந்த படத்தில் பெயர்களை வெட்டலாமா? மனசு ஆறவில்லை.

இன்னொன்று. அட்டையில் நிமிடம் குறைவாகப் போட்டிருந்தால் காட்சி போய்விட்டது என்று பதற வேண்டாம். ஃபிலிம் நொடிக்கு 24 சட்டம் (ஃப்ரேம்) ஓடும். நம் ஊர் டிவிக்கான 'பால்' (PAL) முறையில் பெரும்பாலும் அதை 25-ஆக ஓட்டிவிடுவார்கள். இரண்டு மணி நேரப் படத்தில் கிட்டத்தட்ட 5 நிமிடம் அப்படியே குறையும். குரலின் சுருதியும் ஒரு இழை கூடும். வெட்டு இருக்கிறதா என்று காட்சி காட்சியாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்புறம் கேசட். பள்ளத்தூரில் தெரிந்த ஆச்சி ஒருவர் வீட்டுப் பரணில் இருந்தது. அவர் மகன் மலேசியாவின் ஈப்போவிலிருந்து கொண்டுவந்ததாம். "எடுத்துட்டுப் போங்க, இங்க கெடந்து என்ன செய்யப்போகுது" என்றார். 180 நிமிட நாடா, முதுகில் பால்பாயிண்ட் பேனாவால் படத்தின் பெயர். மலேசியாவும் நம்மைப் போலப் பால் முறைதான், அதனால் இங்குள்ள டெக்கில், அதாவது கேசட் போட்டுப் பார்க்கும் கருவியில் ஓடும். டெக்குக்கு முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அலைந்தேன். தூண்களுக்கும் பித்தளை அண்டாக்களுக்கும் நடுவே ஒன்று இருந்தது. "ஓடுமா தம்பி?" என்றேன். "ஓட்டிப் பாத்துட்டு வந்து காசு குடுங்கண்ணே" என்றான். ஓடியது.

கேசட் கிடைத்தால் உடனே போட்டுவிடாதீர்கள். ஓரத்திலுள்ள சின்னப் பொத்தானை அழுத்தி மூடியைத் தூக்கிப் பாருங்கள். நாடாவின் விளிம்பில் வெள்ளையாய்ப் பொடி இருந்தால் பூஞ்சை. நாடாவைப் படிக்கும் டெக்கின் ஹெட்டையும் கெடுத்துவிடும். இது சுத்தமாக இருந்தது.

படம் மங்கல், நிறம் வெளுத்திருக்கிறது, மௌனமான இடங்களில் உஸ்ஸென்ற இரைச்சல். ஆனால் பெயர்கள் முழுசாக ஓடுகின்றன. ஆறு ஆறாகவே ஓடுகிறது. கட்டம் கட்டமாக உடையவில்லை.

இணையத்தில் உள்ள பிரதி அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டப்பட்டது. தலைகள் பாதி இல்லை, மூலையில் முத்திரை வேறு. அவசரத்துக்குச் சரி.

கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகம், பத்திரிகை, பாட்டுப்புத்தகம், நோட்டீஸ் வரை சேர்த்து வைத்தார். அது இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. நம் பரண்களிலுள்ள கேசட்டுகளை அப்படி யாரும் சேர்க்கவில்லை. வீடு இடிக்கும்போது அவை குப்பைக்குத்தான் போகின்றன.

ஆகவே பார்ப்பதற்குத் தனி டிவிடி, ஒரே படம் உள்ள அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். கேசட் கையில் இருந்தால் தூக்கிப்போடாமல் கணினிக்கு மாற்றிவிடுங்கள். டெக் தயாரிப்பே 2016-ல் நின்றுவிட்டது, உதிரிபாகம் கிடைப்பது நாளுக்கு நாள் கஷ்டம். நான் மாற்றிவிட்டேன். வரும் ஞாயிறு பள்ளத்தூர் போய், ஆச்சிக்கு ஒரு பிரதியும் அவருடைய கேசட்டும் கொடுத்துவிட்டு வரவேண்டும்.