ஐம்பது காசு அஞ்சல் அட்டை: ஒரு பழைய காசாளரின் மதிப்பீடு

முதலில் விலை. அஞ்சலகத்தில் விற்கும் சாதாரண அஞ்சல் அட்டை 50 காசு. 2011 ஜூன் மாதத்தோடு 25 காசும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் செல்லாமல் போயின. இன்றைக்குச் சட்டப்படி செல்லும் மிகச் சிறிய நாணயம் ஐம்பது காசுதான். அந்தச் சின்னக் காசுக்கு ஓர் அட்டையையும் கொடுத்து, அதை நாட்டின் எந்த மூலைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவும் செய்கிறார்கள். முப்பத்தோர் ஆண்டுகள் வங்கியில் ரொக்கம் எண்ணியவன் நான். இப்படி ஒரு பேரத்தைப் பார்த்ததில்லை. ஆனால் ஐம்பது காசை நீட்டினால் பாளையங்கோட்டையில் ஒரு கடைக்காரரும் வாங்க மாட்டார். அதனால் இருபது இருபதாக வாங்குகிறேன். பத்து ரூபாய், சில்லறைத் தொல்லை இல்லை.

ஓய்வு பெற்றவன் அட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்று கேட்பீர்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு நன்றி எழுதுகிறேன்.

இதற்கு முன் நன்றிக்கென்றே அச்சிட்ட டைரி ஒன்றை வாங்கியிருந்தேன். 499 ரூபாய். தடித்த அட்டை, ஓரத்தில் தங்க நிறம், நடுவில் பட்டு நாடா. ஒவ்வொரு பக்கத்திலும் ‘இன்று நான் நன்றி கூறுவது’ என்று போட்டு மூன்று கோடு. முதல் வாரம் மனிதர்களை எழுதினேன். மூன்றாவது வாரம் ‘காற்று, காபி, நல்ல தூக்கம்’ என்று வந்து நின்றது. எழுதியதை யார் பார்க்கப் போகிறார்கள்? மேசை இழுப்பறை பார்த்தது. அந்த டைரியில் இப்போது பால் கணக்கு இருக்கிறது.

நான் கத்தோலிக்கன். இரவில் படுக்கும் முன் அன்றைய நாளை மனதில் திரும்பிப் பார்க்கும் ஆன்மச் சோதனைப் பழக்கம் இளவயதில் ஒரு தியானத்தில் ஒட்டிக்கொண்டது. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த முறையில் அதற்கு ஐந்து படிகள். பாவத்தை எண்ணிப் பார்ப்பது பிறகுதான். முதல் படி பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது. பல ஆண்டுகள் அந்த முதல் படியைச் சில்லறை எண்ணுவதுபோல வேகமாகக் கடந்திருக்கிறேன். நன்மை செய்தது மின்வாரிய ஊழியர்; நன்றி போனது மேலே. நடுவில் அந்த மனிதருக்கு ஒன்றுமே போய்ச் சேரவில்லை.

பைபிளில் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய பவுல் இப்படிச் செய்யவில்லை என்பது ஒரு நாள் உறைத்தது. எங்கள் தாத்தா காலத்தில் அவர் பெயர் சின்னப்பர். கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களுக்கு எழுதுகிறார்: அந்தச் சபையில் கட்சிச் சண்டை, ஒருவர்மேல் ஒருவர் வழக்கு, ஆண்டவரின் விருந்தில்கூடச் சிலர் பசித்திருக்கச் சிலர் குடித்திருக்கிறார்கள். இத்தனையையும் கண்டிப்பதற்கு முன்னால், உங்களுக்காகக் கடவுளுக்கு நன்றி செலுத்துகிறேன் என்று அவர்களிடமே சொல்லிவிடுகிறார். கடவுளிடம் சொன்ன நன்றியின் நகல் உரியவருக்கும் போகிறது. (கலாத்தியருக்கு எழுதும்போது மட்டும் கோபம் அதிகம், நன்றியைத் தாண்டி நேரே சண்டைக்குப் போய்விடுகிறார். எனக்கும் அப்படிப்பட்ட நாள்கள் உண்டு.)

ஆக, நகல் அனுப்பத்தான் அட்டை.

இனிப் பொருளைப் பற்றி. அளவு 14 சென்டிமீட்டருக்கு 9. முன்பக்கத்தில் வலது பாதி முகவரிக்கு, அதன் கீழே அஞ்சல் குறியீட்டுக்கு ஆறு கட்டம். மிச்சத்தில் என் கையெழுத்துக்குப் பத்து வரி, நெருக்கினால் பன்னிரண்டு. பந்துமுனைப் பேனா போதும். ஜெல் பேனா வேண்டாம். மை காயும் முன் கை பட்டு, ‘அன்புள்ள’ என்பதே கறுப்புத் தீற்றலாகிவிடுகிறது. ஐப்பசி மழையில் அட்டை நமத்துப் போகும். அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.

பத்து வரிதான் இருக்கிறது என்பது குறை என்று முதலில் நினைத்தேன். என் முதல் அட்டை எங்கள் பகுதி மின்கம்பியாளருக்கு. ‘தங்கள் தன்னலமற்ற சேவை மகத்தானது, தங்களைப் போன்றோரால்தான் நாடு வாழ்கிறது’ என்று பத்து வரியையும் நிரப்பினேன். பிரிவு அலுவலக முகவரிக்குப் போட்டேன். நாலு நாள் கழித்துத் தெருவில் சைக்கிளை நிறுத்தி அவரே கேட்டார்: “சார், புகார் ஏதும் எழுதியிருக்கிறீர்களா? கடைசி வரை படித்தும் விஷயம் வரவில்லையே.” எனக்கு வெட்கமாகிவிட்டது. நாடு வாழ்ந்தால் அவருக்கென்ன!

மறுநாள் இரண்டாவது அட்டை எழுதினேன். ‘சனிக்கிழமை இரவு பதினொன்றே காலுக்கு மழையில் எங்கள் தெருக் கம்பத்தில் ஏறினீர்கள். கீழே ஒருவர் டார்ச் பிடித்தார். பதினொன்று நாற்பதுக்கு மின்சாரம் வந்தது. என் அம்மாவின் ஆக்சிஜன் இயந்திரம் மறுபடி ஓடியது. அம்மா தூங்கினார்கள். நானும் தூங்கினேன்.’ அவ்வளவுதான். நாலு வரி மிச்சம். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த முறை மின்சாரம் போனபோது, சரிசெய்துவிட்டு வாசலில் நின்று, “பாட்டிக்கு இயந்திரம் ஓடுகிறதா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து என் விதி இது: நாள், நேரம், செய்த காரியம், அதனால் எனக்கு என்ன ஆயிற்று. ‘நல்லவர்’, ‘உயர்ந்த உள்ளம்’ எல்லாவற்றுக்கும் தடை. அட்டையில் இடமில்லை என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாவது ‘குறை’, அட்டை திறந்திருப்பது. வழியில் யாரும் படிக்கலாம். கடன் கேட்கவும் காதல் சொல்லவும் இது ஆகாது. பாராட்டுக்கோ இதுவே நல்லது. நம் ஊரில் முகத்துக்கு நேரே நல்லது சொன்னால் கண் பட்டுவிடும் என்பார்கள். சொல்கிறவருக்கும் கூச்சம், கேட்கிறவருக்கும் நெளிவு. அட்டை வந்து சேரும்போது நான் அங்கே இல்லை. பேருந்துப் பணிமனையில் பத்துப் பேர் படித்த பிறகுதான் ஒரு நடத்துநர் கைக்கு என் அட்டை போயிருக்கிறது. கைத்தடியோடு வந்த அம்மா ஏறி உட்காரும் வரை விசிலை வாயில் வைத்தே நின்றவர் அவர்.

மூன்றாவதை உண்மையான குறை என்றே சொல்ல வேண்டும். அட்டை என்றாலே சில வீடுகளில் அடிவயிறு கலங்கும். ஒரு காலத்தில் சாவுச் செய்தி கார்டில்தான் வரும். படித்ததும் கிழித்து வெளியே போட்டுவிடுவார்கள். ஆய்வகத்தில் அம்மாவின் ஒடுங்கிய நரம்பை ஒரே குத்தில் கண்டுபிடித்த பெண்ணுக்கு எழுதியபோது, அவருடைய மாமியார் வாங்கிப் பார்த்து வீட்டுக்குள் கொண்டுவராமல் திண்ணையிலேயே வைத்திருந்தாராம். இப்போது நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு அனுப்புகிறேன். செலவு இல்லை, விரல் மட்டும் இரண்டு நாளைக்கு மஞ்சளாக இருக்கும்.

உழைப்பு எல்லாம் முகவரியில்தான். பதினெட்டு ஆண்டுகளாக ஒரே அம்மாளிடம் மீன் வாங்குகிறேன், பெயர் தெரியாது. “இன்றைக்கு வேண்டாம் அண்ணாச்சி, ஐஸ் மீன்தான் இருக்கிறது, நாளைக்கு வாருங்கள்” என்று கையில் வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பியவர் அவர். பெயர் கேட்டதும், “எதற்கு, பேங்கில் கடன் ஏதும் என் பேரில் எழுதிவிட்டார்களா?” என்று கத்தியைக் கீழே வைத்தார். விளக்கிச் சொல்லி, பெயர் வாங்கி, சந்தையின் எந்த வாசல், எத்தனையாவது பலகை என்று குறித்துக்கொண்டேன். அவருடைய மகள் படித்துக் காட்டியிருக்கிறாள். இப்போது அது காசுப்பெட்டியின் மூடிக்குள் பாலித்தீன் உறையில் இருக்கிறது. மீன் விலையில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை.

குறியீட்டு எண்ணைச் சரியாக எழுதுங்கள். தூத்துக்குடி நண்பருக்கு 628 என்று தொடங்குவதற்குப் பதில் 629 என்று எழுதிவிட்டேன். அட்டை கன்னியாகுமரி மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தது. தவறு முழுக்க என்னுடையது.

1879 ஜூலையில் இந்த அட்டை இந்தியாவுக்கு வந்தபோது விலை காலணா; ‘காலணா கார்டு’ என்றே பெயர். இன்றும் அஞ்சல் துறை இதைக் கையைக் கடித்துக்கொண்டுதான் விற்கிறது. அதனால் இருக்கும்போதே வாங்கிக்கொள்வது நல்லது.

வீட்டில் ஒரு முணுமுணுப்பு இருந்தது: “தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் எழுதுகிறார்.” சரியென்று சொந்த வீட்டு முகவரிக்கே ஒன்று போட்டேன். அம்மாவை மார்ச் மாதம் முழுவதும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து புரட்டிப் படுக்க வைத்தது யார் என்று எழுதியிருந்தேன். இரண்டு நாளில் வந்தது. மனைவி வாசலிலேயே நின்று படித்தாள். “மார்ச் இல்லை, பிப்ரவரியிலேயே ஆரம்பித்தாயிற்று” என்றாள். பேனாவை எடுத்துத் திருத்தியும் வைத்தாள்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண் மைக்காகக் குறைத்தது. கைவசம் ஏழு அட்டை இருக்கிறது. இன்றைக்கு உரியதை இன்னும் எழுதவில்லை. நாலு மணிக்குப் பெட்டியைத் திறந்துவிடுவார்கள்.