கேவிஸ்கான் 10 மில்லி பாக்கெட்: மருந்தில் குறையில்லை, குடிக்கும் நேரத்தில்தான்

நெஞ்செரிச்சலுக்கு வாங்கிய கேவிஸ்கானை வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, "மருந்து கேட்கவே இல்லை" என்று குறைப்படுவோர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் நிறையப் பேர். கேட்காதுதான்.

சாதாரண கேவிஸ்கான் திரவத்தில் 10 மில்லிக்கு 500 மில்லிகிராம் சோடியம் அல்ஜினேட், 267 மில்லிகிராம் சோடியம் பைகார்பனேட், 160 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேட், வயிற்று அமிலம் பட்டதும் கூழாகிறது. பைகார்பனேட்டிலிருந்து கிளம்பும் கரியமில வாயு அதற்குள் சிக்கி, கூழை மேலே தூக்குகிறது. கால்சியம் அதை இறுக்குகிறது. பாலில் ஆடை கட்டுவதுபோல் சாப்பாட்டின் மேல் மிதந்து, அமிலம் மேலே ஏறாமல் 4 மணி நேரம்வரை மறிக்கும். வயிறு காலியாக இருந்தால் மிதக்க எது இருக்கிறது? சீக்கிரமே குடலுக்கு இறங்கிவிடும்.

அமிலம் சுரப்பதையே குறைக்கும் ஓமெப்ரசோல் மருந்தும் சேர்த்துக் கொடுத்திருந்தால் இரண்டையும் ஒன்றாக விழுங்காதீர்கள். அது சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், இது சாப்பிட்டு முடித்த பிறகு.

பெரியவர்களுக்கு 10 முதல் 20 மில்லி, சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும் முன்னும். நாளுக்கு 4 தடவைக்கு மேல் வேண்டாம். படுக்கும் முன் என்றால் ராத்திரி என்று அர்த்தமில்லை. செம்பனை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து, ரொட்டி சானாய் தின்றுவிட்டுக் காலையில் படுப்பவருக்கு அதுதான் படுக்கும் வேளை. குடித்த கையோடு மேலே தேத்தண்ணி ஊற்றாதீர்கள். சாப்பிட்டவுடன் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கக் குனிந்தாலும் அமிலம் ஏறும். முடிந்தால் கொஞ்சம் பொறுத்துக் குனியுங்கள்.

போத்தலைவிட பாக்கெட்டே மேல். அளவு தப்பாது, செம்பனைக் காட்டுக்குச் சட்டைப் பையில் கொண்டுபோகலாம். போத்தல் வாங்கினால் நன்றாகக் குலுக்க வேண்டும்; வீட்டுத் தேக்கரண்டியால் ஒரு கரண்டி ஊற்றினால் பாதி மருந்துதான் போகும். மாத்திரையை மென்று விழுங்கணும், முழுசாக விழுங்கினால் கூழ் சரியாகக் கட்டாது.

பெரிய குறை, உப்பு. 20 மில்லியில் சுமார் 285 மில்லிகிராம் சோடியம். நாளுக்கு 4 தடவை குடித்தால் 1,100ஐத் தாண்டும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் ஒருநாள் வரம்பே 2,000தான். இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பார்மசிஸ்டிடம் கேட்காமல் தொடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரை, தைராய்டு மாத்திரை, சில ஆன்டிபயாடிக் ஆகியவற்றுக்கும் இதற்கும் 2 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

7 நாளில் அடங்காவிட்டால் கிளினிக்குக்குப் போங்கள். விழுங்கச் சிரமம், கறுத்த மலம், உடம்பு இளைத்தல் இருந்தால் அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள். வியர்வையோடு நெஞ்சு இறுகினால் பாக்கெட்டைப் பிரிக்காமல் நேரே ஆஸ்பத்திரி.