வேம் உயிர் உரம்: சரக்கு நல்லது, பாக்கெட்டில் போட்டிருப்பதுதான் தப்பு

வேம் என்பது செடியின் வேருக்குள் குடியேறி, மண்ணிலிருந்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துக் கொடுத்துப் பதிலுக்குச் சாப்பாடு வாங்கிக்கொள்ளும் ஒரு பூசணம். முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். பாக்கெட்டின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'எல்லாப் பயிர்களுக்கும் ஏற்றது' என்று போட்டிருக்கிறார்கள். அதை நம்பி மாடியில் இருந்த முள்ளங்கிக்கும் அரைக்கீரைக்கும் கை நிறைய அள்ளிப் போட்டேன், ஒரு கிலோவில் கால் கிலோ அப்படியே தண்டம். முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிபிளவர் எல்லாம் கடுகுக் குடும்பம். வேரும் பூசணமும் சேரும் இந்தக் கூட்டுக்குத் தேவையான மரபணுக்கள் பலவற்றை அந்தக் குடும்பம் எப்போதோ தொலைத்துவிட்டது. அரைக்கீரை வகையறாவும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளாது. இதை ஒரு வரி அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

சரக்கு வெர்மிகுலைட் என்ற கனிமத்தில் கலந்த பழுப்புத் தூள், வாடை இல்லை. மற்ற உயிர் உரங்களைவிட விலை கூடுதல், அதற்கு நியாயம் இருக்கிறது. டிரைக்கோடெர்மா என்ற இன்னொரு பூசணம் மாதிரி இதைச் சத்துக் கரைசலில் சும்மா பெருக்க முடியாது, மக்காச்சோளம் மாதிரி ஏதாவது ஒரு செடியின் உயிருள்ள வேரில்தான் வளர்த்தெடுக்க வேண்டும். ஏனென்றால் இந்தப் பூசணத்துக்குக் கொழுப்பு அமிலத்தைத் தொடக்கத்திலிருந்து தானே செய்துகொள்ளும் வழி கிடையாது, செடிதான் சர்க்கரையோடு சேர்த்துக் கொழுப்பையும் ஊட்டுகிறது. இந்தக் கொழுப்பு விஷயம் 2017-இல்தான் தெளிவானது.

மிளகாய் நாற்றில் பாதிக்கு வேருக்குக் கீழேயே ஒரு ஸ்பூன் வைத்து நட்டேன், மீதிக்கு வைக்கவில்லை. மேலே தூவினால் பிரயோஜனமில்லை. மணிச்சத்துக்கு ஏங்கும் வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடும், அது மண்ணில் சீக்கிரம் சிதைந்துபோகும், அதனால் பூசணத்தின் வித்து வேருக்குப் பக்கத்தில் இருந்தால்தான் சேதி போய்ச் சேரும். சேதி கிடைத்ததும் பூசண இழை கிளை கிளையாகப் பிரிகிறது என்று 2005-இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். அதே சேதியை ஒட்டுக்கேட்டுத்தான் சோளக்காட்டில் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையின் விதையும் முளைக்கிறது, பாவம் சோளம்.

பூசணமும் பதிலுக்குக் கைட்டின் (பூசணத்தின் செல் சுவரில் இருக்கும் பொருள்) சம்பந்தப்பட்ட சிறு மூலக்கூறுகளை அனுப்பும். வேர் செல்லின் உட்கருவில் கால்சியம் அலையலையாக ஏறி இறங்கும், அந்தத் துடிப்பைப் படித்துக் கதவு திறக்கும் மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். உள்ளே போன இழை செல்லுக்குள் குட்டி மரம் மாதிரி கிளைக்கும், அதுதான் ஆர்பஸ்கியூல். அதைச் சுற்றிச் செடியே ஒரு தனிச் சவ்வு போர்த்திவிடுவதால் இரண்டும் நேரடியாகத் தொட்டுக்கொள்வதில்லை, மணிச்சத்து அந்தச் சவ்வு வழியாகத்தான் செடிக்கு வரும். கொடுக்கல் வாங்கல் சரியில்லை என்றால் செடி தாட்சண்யம் பார்க்காது: மெடிக்காகோ என்ற சிறிய பயறுவகைச் செடியில் மணிச்சத்தைக் கடத்தும் புரதத்தை மட்டும் முடக்கியபோது அந்தக் குட்டி மரங்கள் ஆயுசு முடியும் முன்பே அழிந்துபோனதை 2007-இல் காட்டினார்கள்.

இப்போது பாக்கெட்டின் பின்பக்கத்துக்கு வருவோம். 'டிஏபியுடன் கலந்து இடலாம்' என்கிறது! டிஏபி மணிச்சத்து நிறைந்த ரசாயன உரம். வேரடியில் மணிச்சத்தைக் கொட்டிவிட்டால் செடி ஏன் கூப்பிடப் போகிறது? ஸ்ட்ரிகோலாக்டோன் குறையும், கதவு திறக்கும் மரபணுக்களும் அடங்கிவிடும். என் கத்தரிப் பைகளில் அப்படிக் கலந்து போட்டதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

டிஏபி போடாமல் வேம் மட்டும் வைத்த மிளகாய் ஐந்தாவது வாரத்தில், வேம் வைக்காத பக்கத்துச் செடிகளைவிடக் கொஞ்சம் திடமாக, கரும்பச்சையாக நின்றது. பத்துப் பன்னிரண்டு செடியை வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். மண்புழு உரம் தாராளமாகப் போட்ட பைகளிலும் பெரிய மாற்றமில்லை, அதிலும் மணிச்சத்து இருப்பதால் அதுவும் எதிர்பார்த்ததே.

சரக்குக்கு ஐந்துக்கு நாலு, லேபிளுக்கு ஒன்று. வாங்கினால் தயாரிப்புத் தேதி பார்த்து அரைக் கிலோ வாங்குங்கள், மாடித்தோட்டத்துக்கு அதுவே தாராளம். என்னிடம் மிச்சமிருப்பதை நிழலில் கட்டி வைத்திருக்கிறேன், அடுத்து சின்ன வெங்காயம் நடும்போது டிஏபி இல்லாமல் போட்டுப் பார்க்க.