மாநிலம் விட்டு மாநிலம் வீடு மாற்றுகிறீர்களா? சாமான் ஏறும் முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில் மூவர்ஸ் (வீட்டுச் சாமானை ஏற்றிச் சென்று இறக்கித் தரும் கம்பெனிகள்) மோசடி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. போனிலேயே சாமான் பட்டியலைக் கேட்டு, இத்தனை கன அடி என்று கணக்குப் போட்டு, மற்ற எல்லோரையும்விடக் குறைந்த விலை சொல்வார்கள். முன்பணத்தை ஸெல்லில் (Zelle, வங்கிக் கணக்கிலிருந்து உடனே பணம் அனுப்பும் சேவை) அனுப்பச் சொல்வார்கள். முன்பணத்தை வாங்கியவர் வெறும் புரோக்கர், சொந்தமாக வண்டி கிடையாது. சாமான் எடுக்க வருவது நீங்கள் கேள்விப்படாத வேறொரு கம்பெனி, அதுவும் வாடகை டிரக்கில். பாதி சாமான் ஏறியதும், "கன அடி கூடிப்போச்சு, புது பேப்பர்ல கையெழுத்துப் போடுங்க" என்பார்கள். அன்று மாலைக்குள் நீங்கள் சாவியை ஒப்படைத்தாக வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 3,000 டாலர் 6,000 ஆகிவிடும். போய்ச் சேர்ந்த ஊரில், முழுத் தொகையும் ரொக்கமாக வந்தால்தான் டிரக் கதவைத் திறப்போம் என்று நிற்பார்கள்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கவில்லை. மாநிலம் தாண்டும் சாமானுக்கு மத்திய அரசின் எஃப்எம்சிஎஸ்ஏ (டிரக் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அமைப்பு) விதிகள் பொருந்தும். எஸ்டிமேட் (எழுத்தில் தரும் கட்டண மதிப்பீடு) 'பைண்டிங்' என்றால், அதில் குறித்த சாமானுக்கும் வேலைக்கும் எழுதிய தொகைதான். 'நான்-பைண்டிங்' என்றால் இறுதித் தொகை உண்மையான எடையைப் பொறுத்தது. ஆனாலும் எஸ்டிமேட்டில் 110 சதவீதத்தைக் கொடுத்துவிட்டால் சாமானை இறக்கியே ஆக வேண்டும். 3,000 டாலர் எஸ்டிமேட்டுக்கு அது 3,300. மீதிக்கு டெலிவரி முடிந்து 30 நாள் கழித்துத்தான் பில் அனுப்பலாம். நீங்கள் பிறகு கேட்ட கூடுதல் வேலைக்குத் தனிக் கணக்கு உண்டு.

சாமான் கூடுதலாக இருந்தால், அதை ஏற்றுவதற்கு முன்பே புது எஸ்டிமேட் எழுத வேண்டும். ஏற்றிய பிறகு திருத்தக் கூடாது. அதனால்தான் நடுவில் நீட்டும் அந்தக் காகிதம் இவ்வளவு ஆபத்தானது. அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டால், 110 சதவீதத்தை 6,000-க்குக் கணக்குப் போட்டுத்தான் வாதாடுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்றியதை இறக்கச் சொல்லுங்கள். அன்றைய அலைச்சலும் போன முன்பணமும், சாமான் மொத்தமும் மாட்டிக்கொள்வதைவிட எவ்வளவோ மேல்.

காப்பீட்டுக் கட்டத்தையும் பார்க்காமல் விடாதீர்கள். 'ரிலீஸ்டு வேல்யூ' என்ற இடத்தில் கையெழுத்திட்டால் இழப்பீடு ஒரு பொருளுக்குப் பவுண்டுக்கு 60 சென்ட்தான். 40 பவுண்டு டிவி உடைந்தால் கைக்கு வருவது 24 டாலர். கூடுதல் கட்டணம் கொடுத்து 'ஃபுல் வேல்யூ' (பொருளின் முழு மதிப்புக்கும் கம்பெனி பொறுப்பு) எடுப்பதே நல்லது.

முன்பணம் கொடுக்கும் முன் கம்பெனியின் யுஎஸ்டிஓடி எண்ணை (மத்திய போக்குவரத்துத் துறைப் பதிவு எண்) கேட்டு, எஃப்எம்சிஎஸ்ஏ தளத்தில் தேடுங்கள். கேரியரா (தானே சாமானை ஏற்றிச் செல்பவர்), புரோக்கரா என்று அங்கேயே தெரியும். பதிவாகிச் சில மாதமே ஆகியிருந்தால் ஒதுங்கிவிடுங்கள். வீட்டை நேரிலோ வீடியோவிலோ பார்க்காமல் விலை சொல்பவரிடம் போகவே வேண்டாம். பணம் கிரெடிட் கார்டில் மட்டும். இடம் காலியாக விட்ட எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம். நான்-பைண்டிங் என்றால் எடை போடும்போது கூடவே இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. சந்தேகம் வந்தால், இறக்கும் முன் மறுபடி எடை போடச் சொல்லலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், எஸ்டிமேட்டில் 110 சதவீதத்தை (பைண்டிங் என்றால் எழுதிய தொகையை) கொடுக்கத் தயார் என்று மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ எழுதி அனுப்புங்கள். வாய்ப்பேச்சு உதவாது. போலீஸ் பல இடங்களில் இதை சிவில் தகராறு என்று ஒதுக்கிவிடும். அதனால் பில் ஆஃப் லேடிங் (சாமானை ஏற்றும்போது தரும் ஒப்பந்த ரசீது), எஸ்டிமேட் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். எஃப்எம்சிஎஸ்ஏ புகார் எண் 1-888-368-7238. மாநில அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி) அலுவலகத்திலும் புகார் கொடுங்கள்.

சாமான் இறங்கும்போது, உடைந்ததையும் காணாமல் போனதையும் இன்வென்டரி (சாமான் பட்டியல்) தாளிலேயே எழுதிவிட்டு அதன் பிறகு கையெழுத்திடுங்கள். கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். இழப்பீட்டுக் கோரிக்கையை எழுத்தில் அனுப்ப 9 மாதம் அவகாசம் உண்டு.