விடுதிக் கட்டிலுக்கு இலவம்பஞ்சு மெத்தை: எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி வைத்துக்கொள்வது

கல்லூரி திறக்கும் மாதத்தில் விடுதிக்குப் பக்கத்துக் கடைகளில் வாளி, குவளை, பூட்டு, கொடிக்கயிறு எல்லாவற்றோடும் சுருட்டிக் கட்டிய மெத்தைகளும் அடுக்கியிருக்கும். சேர்க்கை முடிந்து, கட்டணம் கட்டி, அறைச் சாவி வாங்கி, எல்லோரும் களைத்துப்போன பிறகுதான் மெத்தை ஞாபகம் வருகிறது. அந்த நேரத்தில் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 2 அங்குல ஃபோம். சில வாரங்களிலேயே அது அமுங்கி, கட்டிலின் இரும்புப் பட்டை முதுகில் உறைக்கும். சாப்பாடு, பேச்சு, பாடம் நடத்தும் விதம் என்று எல்லாமே மாறிப்போகும் முதல் பருவத்தில் தூக்கமும் கெட்டால் பிள்ளை தாங்காது. மெத்தையை ஊரிலேயே சொல்லித் தைத்து எடுத்துப்போவதுதான் சரி. தமிழ்நாட்டு வெயிலுக்கு இலவம்பஞ்சுதான் எங்கள் முதல் தேர்வு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடிய பொருள் இல்லை இது.

இலவ இழை உள்ளே குழல் போல வெறுமையாக இருக்கும். அதில் நிறைந்திருப்பது காற்று. மேலே மெழுகுப் பூச்சு உண்டு. அதனால் வியர்வையை எளிதில் உறிஞ்சிக்கொள்ளாது, உடம்புச் சூட்டையும் ஃபோம் போலத் தேக்கி வைக்காது. மின்விசிறி மட்டுமே இருக்கும் மாடி அறையில் ஏப்ரல் மாத இரவில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தண்ணீரில் மிதக்கும் குணத்துக்காக ஒரு காலத்தில் உயிர்காக்கும் மிதவை அங்கிகளிலும் இந்தப் பஞ்சைத்தான் திணித்தார்கள். தேனி மாவட்டத்தில், குறிப்பாகப் போடிநாயக்கனூரில், இலவம்பஞ்சு வியாபாரம் பேர்போனது. கோடையில் காய் வெடிக்கும். அந்தப் பருவத்துப் புதுப் பஞ்சு வந்ததும் தைக்கக் கொடுத்தால் கல்லூரி திறப்பதற்குள் மெத்தை தயாராகிவிடும்.

முதலில் அளவு. விடுதிக் கட்டில்கள் எல்லாம் 6க்கு 3 அடி என்று நினைத்துவிட வேண்டாம். 2½ அடி அகலக் கட்டில்களும் நிறைய உண்டு. விடுதி அலுவலகத்தில் கேட்டுவிட்டு அளவு கொடுங்கள். அரை அடி கூடுதலான மெத்தை கட்டிலுக்கு வெளியே தொங்கும், அந்த ஓரத்துத் தையல்தான் முதலில் பிரியும்.

அடுத்தது எடை. ஏமாற்றம் நடப்பது இங்கேதான். மெஷினில் அடித்து உடனே திணித்த பஞ்சில் காற்று நிறைய இருக்கும். 6 கிலோ பஞ்சு போட்ட மெத்தைகூடக் கடையில் பார்க்கும்போது புஸ்ஸென்று 5 அங்குலம் நிற்கும். ஒரு மாதம் படுத்தால் பாதியாகிவிடும். ஆகவே உயரத்தைப் பார்க்காதீர்கள், தராசில் ஏற்றச் சொல்லுங்கள். 6க்கு 3 அடி மெத்தைக்கு 9 முதல் 10 கிலோ பஞ்சு வேண்டும். மேலுறைத் துணி சுமார் 1 கிலோ வரும், அதைக் கழித்துக் கணக்குப் பாருங்கள். விலையைக் கிலோவுக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு, தையல் கூலி இவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் கடையில் வாங்குங்கள். மொத்தமாக ஒரு தொகை மட்டும் சொல்லி, எடை போடத் தயங்கும் கடையை விட்டுவிடலாம்.

பஞ்சில் கலப்படம் சாதாரணமாக நடக்கிறது. மில் கழிவு, பனியன் கழிவு எல்லாம் இலவத்தோடு சேர்த்து அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. கண்டுபிடிக்கக் கைதான் கருவி. தைப்பதற்கு முன் ஒரு சிட்டிகை எடுத்து விளக்குத் திரி திரிப்பது போல விரல்களுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். பருத்தியாக இருந்தால் முறுக்கேறித் திரியாகிவிடும். இலவம் வழுக்கிக்கொண்டு பிரிந்துபோகும், முறுக்கு நிற்காது. அதனால்தான் இதை நூலாக நூற்பது கடினம். நிறம் லேசான மஞ்சள் கலந்த வெள்ளையாக, பட்டு போன்ற மினுமினுப்போடு இருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு விரலால் அமுக்குங்கள். இலவம் திரும்ப மேலே வரும், பனியன் கழிவு தண்ணீரைக் குடித்துக் கீழே போகும். கறுப்பு விதைகள் கையில் தட்டுப்பட்டால் சரியாகச் சுத்தம் செய்யாத பஞ்சு. விதையில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் எலி தேடி வரும். விடுதியில் எலிக்குப் பஞ்சமில்லை.

துணி விஷயத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். இலவ இழை மெல்லியது, இடைவெளிவிட்டு நெய்த துணி வழியாக வெளியே வந்துவிடும். நெருக்கமாக நெய்த டிரில் போன்ற கெட்டித் துணி வேண்டும். தைத்து முடித்த மெத்தையை வெளிச்சத்துக்கு எதிரே வைத்து உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். வெளிச்சத்தில் வெள்ளைத் தூசி பறந்தால் துணி போதாது. அந்தத் தூசி தினமும் மூக்கில் ஏறும். பிறகு மெத்தைக்கு நடுநடுவே மேலிருந்து கீழ்வரை நூல் இழுத்துப் போடும் முடிச்சுகள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு சாணுக்கு மேல் இடைவெளி இருந்தால் பஞ்சு ஓரத்துக்கு நகர்ந்து நடுவில் வெறும் துணி மட்டும் மிஞ்சும்.

விடுதியில் கட்டில்தான் நாற்காலி, கட்டில்தான் சாப்பாட்டு மேசை, நண்பர்கள் நால்வர் உட்காரும் திண்ணையும் அதுதான். மெத்தை சீக்கிரம் கெடுவது படுப்பதால் இல்லை, ஒரே இடத்தில் உட்காருவதால். சுவரில் சாய்ந்து படிக்கும் இடத்தில் ஒரு பருவத்துக்குள் குழி விழும். 15 நாளுக்கு ஒருமுறை தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போட வேண்டும், அடுத்த முறை புரட்டிப் போட வேண்டும். இந்த ஒரு பழக்கம் இருந்தால் குழி ஆழமாகாது.

மாதம் ஒருமுறை வெயில். மொட்டைமாடிக்குப் போக அனுமதி உண்டா என்று முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலை 10 மணிக்குப் போட்டு, நண்பகலில் திருப்பி, 3 மணிக்கெல்லாம் எடுத்துவிட வேண்டும். மாலை ஈரம் ஏறும்வரை விட்டால் காயவைத்தது வீண். குச்சியால் மெதுவாகத் தட்டினால் போதும். துணி துவைப்பது போல ஓங்கி அடித்தால் இழை நொறுங்கித் தூளாகும், தூளான பஞ்சு மறுபடி உப்பாது. சூடு ஆறிய பிறகு விரிப்பைப் போடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் வெயிலை நம்ப முடியாது. விடுமுறை நாளில் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, இரண்டு மணி நேரம் மின்விசிறியை ஓடவிடுங்கள்.

கட்டிலுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு கோரைப்பாய் கட்டாயம். தகரத் தளமென்றால் துரு மெத்தைத் துணியில் ஏறும், பட்டைக் கட்டிலென்றால் அடியில் வரிவரியாகப் பள்ளம் விழும். பாய் இரண்டையும் தடுக்கும். பாய் பிடிக்காதவர்கள் பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்துப் போடலாம், அது பல வருஷம் உழைக்கும். விரிப்பு வாங்கும்போது 60க்கு 90 அங்குலம் கேளுங்கள். 36 அங்குல அகலம், இரண்டு பக்கமும் 4 அங்குல உயரம் போக, அடியில் செருகப் பக்கத்துக்கு 8 அங்குலம் மிஞ்சும். அதற்குக் குறைந்தால் விடியும்போது விரிப்பு காலடியில் சுருண்டு கிடக்கும். சென்னிமலை, கரூர் விரிப்புகள் நன்றாக உழைக்கின்றன. சாயத் துணியென்றால் முதல் துவைப்பைத் தனியாகப் போடுங்கள்.

மூட்டைப்பூச்சியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அறைக்குள் நுழைந்ததும், மெத்தையைப் போடுவதற்கு முன், கட்டிலின் மூலை இணைப்புகளிலும் சுவர் விரிசலிலும் கைப்பேசி வெளிச்சம் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பூச்சி இருக்கிறது. கட்டிலை வெளியே எடுத்து, இணைப்புகளில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள், பிறகு காப்பாளரிடம் எழுதிக் கொடுத்து மருந்தடிக்கச் சொல்லுங்கள். மெத்தையை வெயிலில் போட்டால் மட்டும் பூச்சி சாகாது. மேல்பக்கம் சூடேறும்போது அது நிழலான அடிப்பக்கத்துக்கு ஓடிவிடும்.

இலவம்பஞ்சு எளிதில் தீப்பிடிக்கும். மாணவர்கள் இதைப் பொருட்படுத்துவதே இல்லை, அதுதான் கவலை. மெத்தை மேலேயே சட்டையை விரித்து இஸ்திரி போடுவது, கட்டிலுக்கடியில் கொசுவத்திச் சுருள் வைப்பது, தலையணைக்கடியில் கைப்பேசியைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குவது, இந்த மூன்றும் கூடவே கூடாது. பஞ்சு உள்ளே புகைந்துகொண்டே போனால் வெளியே தெரிய நேரமாகும்.

இழுப்பு, தூசி ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இந்த மெத்தை வேண்டாம். அடுக்குக் கட்டிலில் மேல்தட்டு கிடைத்தவர்களுக்கும் சிரமம்தான், 10 கிலோவை மாதாமாதம் இறக்கி ஏற்ற முடியாது. இவர்கள் நல்ல ஃபோம் வாங்கட்டும். 6க்கு 3 அடி, 4 அங்குலம், 32 டென்சிட்டி (அதாவது ஒரு கன மீட்டர் ஃபோம் 32 கிலோ எடை) என்று கடைக்காரர் சொன்னால் அது சுமார் ஐந்தரை கிலோ இருக்க வேண்டும். 3 கிலோதான் வருகிறதென்றால் உள்ளே இருப்பது வேறு சரக்கு. ரப்பர் தடவிய தேங்காய்நார் மெத்தை முதுகுக்கு உறுதிதான். ஆனால் சுருட்ட முடியாது, வருஷா வருஷம் அறை மாறுகிறவர்களுக்கு ஒத்துவராது.

தலையணைக்கு 1 கிலோ பஞ்சு போதும். அதற்கு மேல் திணித்தால் கழுத்து வலிக்கும்.

நான்கு வருஷப் படிப்பென்றால் இரண்டாம் வருஷக் கோடையில் மெத்தையை ஊருக்கு எடுத்துவந்து, பிரித்து, பஞ்சை அடித்து, 1 கிலோ புதுப் பஞ்சு சேர்த்துத் தைத்துவிடுங்கள். எடுத்து வரும்போது நீளவாக்கில் இறுக்கிச் சுருட்டி, மூன்று இடத்தில் நைலான் கயிறு கட்டி, உரச் சாக்கு இரண்டைப் பிரித்து ஒன்றாகத் தைத்த உறைக்குள் போட்டால் பேருந்தின் அடியில் வைத்தாலும் அழுக்காகாது. விடுதிச் சாமான் அறையில் விட்டுவிட்டு வருவதாக இருந்தால் தரையில் படாமல் மேசை மீது வைத்து, பெயரும் பதிவு எண்ணும் சாக்கின் இரண்டு பக்கமும் எழுதுங்கள். ஜூனில் திரும்பி வரும்போது அந்த அறையில் எல்லாச் சாக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.